சிங்கப்பூர் வந்து அசதி தீரலையா தம்பி, ஊருக்கு எத்தனை மணிக்குப் பேசுற?

தம்பி, நீ கேட்டத நான் புரிஞ்சுகிட்டது இதுதான்: திருச்சிலேர்ந்து வந்து நாலு மாசம் ஆச்சு, யீஷூன்ல ரூம், ராஃபிள்ஸ் பிளேஸ்ல ஆபீஸ், வேலை ஒண்ணும் அப்படி உயிரை வாங்கல, ஆனா காலைல எந்திரிக்கும்போதே உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, ஞாயித்துக்கிழமை முழுக்க தூங்கினாலும் திங்கக்கிழமை அதே கதை, நீங்கல்லாம் எப்படிக்கா இத்தனை வருஷமா தாக்குப்பிடிக்கிறீங்க? ஜிம்ல சேரு, யோகா பண்ணுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அதெல்லாம் பண்ணு வேணாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி, ராத்திரி ஊருக்கு எத்தனை மணிக்குப் பேசுறன்னு சொல்லு.

அப்பா வேலை முடிச்சு வந்து, சாப்பிட்டு, அம்மா சீரியல் பார்த்து முடிச்சு ஒன்பதரைக்கு வீடியோ கால் போடுவாங்க, இல்ல? இங்க அப்ப பன்னெண்டு. ரெண்டரை மணி நேரம்தானேன்னு யாரும் இதை கணக்குலயே எடுத்துக்கறதில்ல. அமெரிக்காவுல இருக்கறவனுக்கு ராத்திரியும் பகலும் மாறிக்கிடக்கு, அதனால வீட்ல அவன்கிட்ட நேரம் கேட்டுட்டு போன் பண்ணுவாங்க. நமக்குத்தான் "இந்தா பக்கத்துல இருக்க சிங்கப்பூர்". கூப்பிட்டுட்டு அத்தைகிட்ட குடுத்து, பாட்டிகிட்ட குடுத்து, வச்சதுக்கப்புறம் ஃப்ரெண்ட்ஸ் குரூப்புல அப்பதான் அரட்டை சூடு பிடிக்கும், நீ ஒரு மணிக்கு கண்ணை மூடி ஏழுக்கு அலாரம் வச்சு எந்திரிச்சா அசதி இல்லாம வேற என்ன வரும். உடம்பு இங்க வேலை பாக்குது, தூக்கம் மட்டும் இந்திய நேரத்துல ஓடிட்டு இருக்கு.

இதுல இந்த ஊர் நேரமே ஒரு கூத்து. சூரியனைப் பாத்து கணக்கு போட்டா சிங்கப்பூர் கடிகாரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது. 1982 தொடக்கத்துல மலேசியாவோட சேர்ந்து இப்படி மாத்தி வச்சாங்க, அதனாலதான் வருஷம் பூரா விடியறதே ஏழை ஒட்டி, உச்சிவெயில் ஒரு மணிக்கு. ஊர்ல ஆறு மணி வெளிச்சத்துல எந்திரிச்சு பழகினவன் இங்க ஆறரைக்கு எந்திரிச்சா கும்மிருட்டு, ராத்திரி பதினோரு மணி ஆனாலும் தூங்கற நேரம்னே தோணாது. கோப்பிக்கடையும் திறந்திருக்கும், கேக்கவே வேணாம். அந்த கோப்பி-ஓ, அதான் பால் ஊத்தாத காப்பி இருக்கே, அது பெரும்பாலும் காஃபின் தூக்கலா இருக்கற ரோபஸ்டா கொட்டை, நம்ம ஃபில்டர் காப்பின்னு நெனச்சு சாயங்காலம் ரெண்டு கிளாஸ் உள்ள தள்ளினா ராத்திரி விட்டத்தைப் பாத்துட்டு கிடக்க வேண்டியதுதான். மூணு மணிக்கு மேல தொடாத.

சரி, என்ன பண்ணலாம்னா, போனை காலைக்கு மாத்து. வார நாள்ல 7.45க்கு முன்னாடி ஸ்டேஷன்ல கார்டைத் தட்டினா கட்டணத்துல 50 காசு வரைக்கும் குறையும், அதை விட பெரிய லாபம் எம்ஆர்டி ரயில்ல நசுங்காம வரலாம். ராஃபிள்ஸ் பிளேஸ்ல இறங்கும்போது எட்டரை, ஊர்ல ஆறு மணி, அம்மா காப்பி போடுற நேரம். ஒரு கோப்பி வாங்கிட்டு ஆத்தங்கரைக்கு நாலு எட்டுதான், அங்க நின்னு அரை மணி நேரம் பேசு. ராத்திரி பேசற "சாப்டியா, ம்ம், அப்புறம்" மாதிரி இருக்காது, ரெண்டு பேரும் முழிச்சிருக்கற நேரம். முதல்ல அம்மா கோச்சுக்கத்தான் செய்வாங்க, பையன் மாறிட்டான்னு அத்தைகிட்ட சொல்லுவாங்க. பத்து நாள் போனா அவங்களே ஆறு மணிக்கு போனை எடுத்து வச்சுகிட்டு உக்காந்திருப்பாங்க. அப்பாவுக்கு சனிக்கிழமை சாயங்காலம் இங்க ஏழரைக்கு பண்ணு, அங்க அஞ்சு.

ஞாயித்துக்கிழமை படுத்தே கிடக்காத, ராத்திரி தூக்கம் கெடும். ஏழரைக்கெல்லாம் யீஷூன் அணைக்குப் போயிடு, ஒரு பக்கம் லோயர் செலேத்தார் நீர்த்தேக்கம், இன்னொரு பக்கம் ஜோகூர் நீரிணை, அடுக்குமாடி புளோக்கா பாத்து பாத்து சலிச்ச கண்ணுக்கு இவ்வளவு அகலமா வானம் தெரியற இடம் இந்த ஊர்ல கம்மி. தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, மளிகை வாங்க அன்னிக்கு சாயங்காலம் மட்டும் போகாத, வேலையாட்களா வந்திருக்கற தம்பிங்களுக்கு வாரத்துல கிடைக்கிற ஒரே நாள் அது, அவங்க நிம்மதியா கூடட்டும், நீ வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு போ. ஓய்வுக்காகன்னு சொல்லிட்டு லாங் வீக்கெண்டுல மலேசியா பக்கம் ஜோகூர் பாரு கிளம்பற கூட்டத்தோடயும் சேராத, எல்லைப் பாலத்துல நிக்கிற நேரத்துல திருச்சிக்கே போய் இறங்கிடலாம்.

இதெல்லாம் ஒரு மாசம் பண்ணியும் அசதி விடலைன்னா கிளினிக்ல போய் தைராய்டு, ரத்தத்துல இரும்பு எல்லாம் பாத்துடு, தள்ளிப்போடாத.

லீவு பத்தி ஒண்ணு. மூணு மாசம் தாண்டிட்ட, அதனால எடுக்க உனக்கு உரிமை இருக்கு. சட்டப்படி முதல் வருஷத்துக்கு குறைஞ்சது 7 நாள், உன் கம்பெனி கூடவே குடுக்கலாம், லெட்டரைப் பாரு. நம்மாளுங்க எல்லாத்தையும் பொங்கலுக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும்னு சேத்து வச்சு வருஷம் பூரா ஓடுவாங்க, ஊருக்குப் போனா அங்க ஓய்வா கிடைக்கும், சொந்தக்காரங்க வீடு வீடா சாப்பாடுதான். ஒரு நாளை பிரிச்சு எடுத்து ஒரு புதன்கிழமை சும்மா இரு. பகல்ல ஓனர் ஏசி போட விடலைன்னா யீஷூன் நார்த்பாயின்ட் மாலுக்குள்ளயே லைப்ரரி இருக்கு, உள்ள உக்காந்து படிக்க யாரும் காசு கேக்க மாட்டாங்க.