காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போங்கள்: வாசகர் கேள்வி பதில்

சித்திரை விடுமுறை நெருங்குவதால், பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்வது பற்றியே இம்முறை பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் நான்கு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுக்கு 11 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். உடன் வாழும் மாமிக்கு 70 வயது கடந்துவிட்டது. முழங்கால் நோவும் உண்டு. புத்தாண்டை ஒட்டிக் கணவருக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும். திருகோணமலைக்கோ பாசிக்குடாவுக்கோ போய் அறை எடுத்துத் தங்க எங்களிடம் வசதி இல்லை. பிள்ளைகளோ கடல் என்று கேட்டு நிற்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, கொக்குவில்)

பதில்: அறை எடுத்துத் தங்கினால்தான் அது விடுமுறை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடும்பங்கள் போகக்கூடிய கடற்கரைகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் இருக்கின்றன. விடியப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் குளித்து, மதியத்துக்கு வீடு திரும்பினால் மாமி தன் கட்டிலிலேயே காலை நீட்டிப் படுக்கலாம். சின்னப்பிள்ளையும் தன் பாயில் உறங்கும். அறைக்குக் கொடுக்க வேண்டிய காசில் நல்ல வாகனம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிடலாம்.

இத்தகைய பயணத்தை வீட்டில் மிகவும் இயலாதவர் யாரோ அவரை வைத்தே திட்டமிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 11 வயதுப் பிள்ளை எந்தக் கடலிலும் குதித்து விளையாடும். மாமியின் முழங்காலுக்கும் 5 வயதுப் பிள்ளையின் உயரத்துக்கும் ஏற்ற கடல் எது என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் முதல் நாளுக்குக் காரைநகர் கசூரினா கடற்கரையை விடப் பொருத்தமான இடம் இல்லை. பொன்னாலைப் பாலம் கடந்து தீவின் வடகரைக்குப் போனால், கரையோரம் சவுக்கு மரங்கள் நிழல் தர, கடல் வெகுதூரம் வரை ஆழம் குறைவாகவே இருக்கும். வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கொண்டு போங்கள். கணுக்கால் அளவு தண்ணீரில், மணல் இறுகிய இடமாகப் பார்த்து அதை அழுத்தி வைத்து மாமியை இருத்திவிட்டால், சிற்றலை வந்து முழங்காலைத் தொட்டுப் போக, பேரப்பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்தபடி அவரும் கடலில் இருப்பார். வயதானவர்களைச் சாமான்களுக்குக் காவலாக மரத்தடியில் விட்டுவிட்டு மற்றவர்கள் குளிக்கும் வழக்கம் எங்களுக்குச் சற்றும் உடன்பாடானதன்று.

நேரத்தில் கண்டிப்பாக இருங்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில் எங்கள் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அந்த வெயிலோடு, கடல் நீரிலும் வெள்ளை மணலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்ந்து பிள்ளைகளின் தோலைச் சுடும். தண்ணீருக்குள் நிற்கும்போது சூடு தெரியாது; இரவில்தான் தோள் எரிகிறது என்று பிள்ளை அழும். காலை 6.30 மணிக்குத் தண்ணீரில் இறங்கி 9.30 மணிக்குள் கரையேறுங்கள். பழைய முழுக்கைச் சட்டையோடு குளிக்க விடுவது எந்தக் களிம்பையும் விடப் பயன் தரும். பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று ஓய்ந்து கடல் அமைதியாக இருந்தாலும், பிற்பகலில் திடீரென்று இடியும் மின்னலும் வருவதுண்டு. இடி முழங்கக் கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியேறி வாகனத்துக்குள் போய்விடுங்கள். சவுக்கு மரத்தின் கீழ் ஒதுங்குவது ஆபத்து.

இரண்டாம் நாள் கீரிமலைக்குப் போகலாம். வாகனத்தைத் தவிர்த்து, காங்கேசன்துறை வரை ரயிலில் போவதையே நாங்கள் விரும்புவோம். போரினால் நின்றுபோன அந்தப் பாதையில் 2015 ஜனவரியில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகள் உரக்க வாசித்துக்கொண்டு போகலாம். இறங்கி ஓட்டோ பிடித்தால் கீரிமலை அருகில்தான். மழைநீர் சுண்ணாம்புக்கல் நிலத்தினூடு இறங்கிக் கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுவதே அங்குள்ள கேணி. ஒரு மதிலுக்கு அப்பால் அலை அடிக்க, இப்பால் ஊற்று நீரில் குளிக்கும் அனுபவத்தைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் இருப்பதால் யாரை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கேணி ஆழமானது, படிகள் பாசி பிடித்து வழுக்கும், சின்னவரைப் படியில் இருத்திக் குளிப்பாட்டுவதே நல்லது. மாமிக்கு நகுலேஸ்வரத்தில் சுவாமி தரிசனமும் கிடைக்கும். அங்கே நீராடிக் குதிரை முகம் மாறிய இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவரை விட ஏற்றவர் யார்?

மூன்றாம் நாள் வேலணைச் சாட்டிக்குப் போகலாம். பண்ணைப் பாலத்தால் போகும் வழியே அழகு. களைத்துவிட்டால் வீட்டிலேயே இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி ஐந்து பேருக்குப் புளிச்சோறு கிளறி, கறி வைத்து, வந்து பாத்திரம் கழுவுவதானால், அந்த மூன்று நாளும் உங்களுக்கு விடுமுறை ஆகாது. காலைக்கு இடியப்பமும் சம்பலும் கடையில் வாங்குங்கள். பருத்தித்துறை வடை, கதலி வாழைப்பழம், ரெஜிபோம் பெட்டியில் மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் இருந்தால் மதியம் வரை போதும். சோறு சமைப்பதைக் கணவர் ஒரு நாளாவது பொறுப்பேற்கட்டும். இதை அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே கேளுங்கள்.

கேள்வி: 14, 16 வயதுப் பிள்ளைகள் ஆகஸ்ட் விடுமுறையில் நெடுந்தீவுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். மனைவி பயப்படுகிறார். போகலாமா? (வாசகர், நெல்லியடி)

பதில்: நெடுந்தீவைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து இன்று கட்டின்றித் திரியும் குதிரைகள், ஒருவர் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய பெருக்கமரம், இடிந்த கோட்டை என்று அங்கு உள்ளவற்றைக் குடாநாட்டில் ஒரே இடத்தில் காண முடியாது. ஆனால் ஆகஸ்ட் மாதத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நீளும் படகுப் பயணத்தில் அலை ஏறி இறங்கும். கடல் கடுமையானால் சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. உங்கள் மனைவியின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. இதே பயணத்தைச் சித்திரையில் வையுங்கள். கடல் குளம் போலக் கிடக்கும். பிள்ளைகள் படகின் ஓரத்தில் நின்று மீன் பார்க்கலாம்.

எந்த மாதமானாலும் முதற் படகில் போய், திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இரவு அங்கேதான். உயிர்காப்பு அங்கியை வெட்கப்படாமல் கேட்டு வாங்கி அணியுங்கள். படகில் ஆட்கள் நெருக்கமாக ஏறுவதைக் கண்டால், காசு கொடுத்திருந்தாலும் இறங்கிவிட வேண்டும். தீவில் குடிநீர் கிடைப்பது அரிது. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீராவது கொண்டு போங்கள். ஆகஸ்டில்தான் முடியும் என்றால் நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே துறையிலிருந்து கால் மணித்தியாலமளவில் போய்ச் சேரும் பயணம் அது. நாகபூசணி அம்மனையும் நாக விகாரையையும் தரிசித்து மதியத்துக்குத் திரும்பிவிடலாம்.

கேள்வி: சென்ற முறை கடலில் குளிக்கும்போது மகளின் கையில் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டுத் தடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் மணலால் தேய்க்கச் சொன்னார்கள். அது சரியா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: சரியன்று. சொறிமுட்டையின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நச்சுக் கூடுகள் ஏராளம். தோலில் ஒட்டிக்கொண்டவற்றில் பல அப்போது வெடிக்காமலே இருக்கும். மணலால் தேய்த்தாலும் நன்னீர் ஊற்றினாலும் அவை வெடித்து நஞ்சை மேலும் இறக்கும். கடல் நீரையே ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டிய இழைகளை வெறுங்கையால் தொடாமல், பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டோ சிறு குச்சியாலோ எடுத்து விடுங்கள். மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, தடிப்பு உடம்பெங்கும் பரவினாலோ தாமதிக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

திருக்கையைப் பற்றியும் சொல்லி வையுங்கள். ஆழமற்ற மணற்கரையில் அது மணலைப் போர்த்துக்கொண்டு கிடக்கும். மிதித்தால் வாலால் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழைத்து நடந்தால் அதிர்வு உணர்ந்து விலகிப் போய்விடும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கக் கூடும் என்பதால் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். இருந்தாலும், எங்கள் கரைகளில் சொறிமுட்டையையும் திருக்கையையும் விட அதிகம் அஞ்ச வேண்டியது உடைந்த போத்தல் கண்ணாடிக்குத்தான். சனி, ஞாயிறு மாலைகளில் குடித்துவிட்டு எறிந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்; அடுத்த நாள் பிள்ளையின் பாதத்தில் அது ஏறும். பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டே குளிக்க விடுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா குடும்பத்தோடு ஜூலையில் வருகிறார். மணற்காட்டில் குளிக்க வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். எல்லாரும் நீச்சல் தடாகத்தில் பழகியவர்கள். ஏற்பாட்டை என்னிடம் விட்டிருக்கிறார்கள். (வாசகர், சாவகச்சேரி)

பதில்: மணற்காட்டை மாலையில் பார்க்கக் கூட்டிப் போங்கள், குளிக்க வேண்டாம். மணல் மேடுகளில் ஏறிச் சறுக்கி விளையாடலாம், மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களைப் பார்க்கலாம். ஆனால் வடமராட்சி கிழக்கின் கரை திறந்த வங்கக் கடலை நோக்கியது. அங்கே கரையை விட்டுச் சற்று விலகியதும் ஆழம் கூடும். திரும்பும் அலை ஆளை இழுக்கும். தடாகத்தில் பழகிய நீச்சல் இந்த இழுவைக்கு உதவாது, தன்னால் முடியும் என்ற துணிவை மட்டுமே கொடுக்கும். எந்தக் கடலிலும் யாராவது இழுபட்டுவிட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையை விட்டு விலகிய பின்பே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

குளிப்பதற்குக் கசூரினாவே நல்லது. ஜூலையில் அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் அந்த வடகரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் அலையில்லாமல் மிக அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பி ரியூப்பிலும் காற்றடைத்த மிதவையிலும் ஏறிப் படுக்கும் பிள்ளையைக் காற்று ஓசையில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது கால் எட்டாத ஆழம் வந்திருக்கும். ஆகவே மிதவைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். மீறிக் கொண்டுவந்தால் நீளக் கயிறு கட்டி, அதன் நுனியைக் கரையில் நிற்கும் பெரியவர் பிடித்திருக்க வேண்டும். அத்தோடு, பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கையில் தொலைபேசி இல்லாமல் அவர்களை மட்டுமே பார்த்திருக்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம். பத்துப் பேர் நிற்கும் குடும்பத்தில்தான் மற்றவர் பார்க்கிறார் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். நீரில் மூழ்கும் பிள்ளை கூப்பிடாது, கையையும் அசைக்காது, சத்தமில்லாமலே மூழ்கும்.

குளிர்நாட்டிலிருந்து வருபவர்களின் உடல் எங்கள் வெயிலுக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். வந்து இறங்கிய மறுநாளே கடலுக்குப் போகாமல் முதல் நாட்களை வீட்டுக் கிணற்றடியிலும் மாமர நிழலிலும் கழிக்கட்டும். தலையிடி, குமட்டல் என்று யாராவது சொன்னால் நிழலில் படுக்க வைத்து, ஈரத் துவாயால் உடம்பைத் துடைத்து, ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயக்கமோ தடுமாற்றமோ கண்டால் உடனே வைத்தியசாலைதான்.

கசூரினாவில் குளித்தபின் வந்த வழியே திரும்பாமல், காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் கடந்து, வேலணை, பண்ணை வழியாக வீடு வரலாம். பாதை அன்று ஓடுகிறதா என்பதை மட்டும் காரைநகரில் ஒரு கடையில் விசாரித்துவிட்டுப் போங்கள். கடக்கும்போது கடல் நடுவே தெரியும் கடற்கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.