அம்பாசடருக்கு ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் போடலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய பெட்ரோல் அம்பாசடர், 1489 சிசி. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க (ரீபோர்) இன்ஜினைப் பிரித்திருக்கிறோம். இப்போதே கம்ப்ரஷன் கூடுதலான பிஸ்டன் போட்டால் இழுவை கூடுமா? - வாசகர், ஈரோடு

பதில்: கூடும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை, 7.2-லிருந்து 8.3-க்கு ஏற்றினால் தியரி கணக்குப்படி கிடைப்பது 4 முதல் 5 சதவீதம்தான். சிலிண்டருக்கு 372 சிசி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 60 சிசியிலிருந்து 51-க்கு இறங்க வேண்டும், அந்த 9 சிசியைத்தான் பிஸ்டன் தலையின் வடிவம் எடுத்துக்கொள்கிறது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை ஏற்கெனவே யாராவது சீவியிருந்தால் கணக்கே மாறிவிடும், அதனால் முதலில் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு அறையையும் அளந்து பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

91 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் அளவு) பெட்ரோலே 8.3-ஐத் தாங்கும். 9-க்கு மேல் போகாதீர்கள், இரும்பு ஹெட் சூட்டைப் பிடித்து வைக்கும், ஏற்காட்டு மலைப்பாதையில் மூன்றாவது கியரில் இழுக்கும்போது இன்ஜின் டக் டக்கென்று தட்டும், அந்தத் தட்டல்தான் பிஸ்டனை ஓட்டை போடும். அப்புறம் பிளக் பொறி விடும் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் எடை ஸ்பிரிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்த பிறகுதான் பிஸ்டன் பேச்சு.