வால் மிக்சர் கசிவு: டேப்பா, வாஷரா?

கோபிசெட்டிபாளையம் வாசகர்: புது பாத்ரூமுங்க. வால் மிக்சர் மாட்டி மூணு மாசந்தான் ஆச்சு. வலது பக்க இணைப்புல சொட்டிக்கிட்டே இருக்குது. பிளம்பர் வந்து நட்டைக் கழட்டி, டேப் சுத்தி இறுக்கிட்டுப் போனாரு. மறுபடியும் சொட்டுது. மேல எம்சீல் வெச்சும் நிக்கலைங்க. இப்ப டைல்ஸை உடைக்கோணும்ங்கறாரு. உடைக்காம வழி இருக்குதுங்களா?

பதில்: உளியை எடுக்க அவசரம் வேண்டாம். வால் மிக்சர் என்பது சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் சுவர்க் குழாய். அதில் பக்கத்துக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. சுவருக்குள் இருக்கும் எல்போவில் (வளைவு இணைப்பு) லெக் (மிக்சரைச் சுவரோடு இணைக்கும் குட்டைக் குழாய்) ஏறுகிற இடம் ஒன்று. லெக்கின் வெளிமுனையில் மிக்சரின் பெரிய நட் ஏறுகிற இடம் இன்னொன்று. முதலாவதில் தண்ணீரைத் தடுப்பது மரையும் அதில் சுற்றிய டெஃப்லான் டேப்பும். இரண்டாவதில் தடுப்பது நட்டுக்குள் கிடக்கும் வாஷர். அங்கே மரைக்கு வாஷரை அமுக்கிப் பிடிக்கிற வேலை மட்டும்தான். அந்த மரையில் டேப் சுற்றினால் நட் பாதியிலேயே இறுகிக்கொள்ளும், வாஷர் அமுங்காது, கசிவு நிற்காது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

எந்த இணைப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள். மிக்சரை மூடியே வைத்திருக்கும்போதும் சொட்டுகிறதென்றால் கோளாறு லெக் பக்கம். ஷவரைத் திறந்தால் மட்டும் சொட்டினால் ஷவர் குழாய் ஏறும் இடத்தையோ கைப்பிடியையோ பாருங்கள், லெக்கைத் தொட வேண்டாம். லெக் பக்கம் என்று தெரிந்தால் துணியால் நன்றாகத் துடைத்து, சுவரை ஒட்டியிருக்கும் வட்டத் தகட்டை (பிளாஞ்ச்) முன்னால் இழுத்து, நட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ காகிதம், சுவர் ஓரமாக லெக்கைச் சுற்றி ஒன்று கட்டுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான் இடம்.

நட் என்றால் வேலை சின்னது. டேங்க் வால்வை மூடி, மிக்சரைத் திறந்து குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடியவிட்டு நட்டைக் கழற்றுங்கள். மரையில் இருக்கும் டேப்பை முழுக்க உரித்தெடுங்கள். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே அளவு வாங்குங்கள். பெரும்பாலும் முக்கால் இஞ்ச் அளவாக இருக்கும். வாஷர் உட்காரும் முகத்தில் போர் தண்ணீர் உப்பு படிந்திருந்தால் சுரண்டி வழவழப்பாக்குங்கள். உப்புப் பொருக்கின் மேல் எத்தனை வாஷர் மாற்றினாலும் கசியும்.

வாஷர் மாற்றியும் நிற்காவிட்டால் லெக்குகள் நேராக இல்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் மையத்துக்கு மையம் 15 செ.மீ. இருப்பது வழக்கம், உங்கள் மிக்சரை வைத்தே சரிபாருங்கள். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இரண்டும் சுவரிலிருந்து ஒரே நீளம் வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று உள்வாங்கியிருந்தால் வாஷர் சாய்வாக உட்காரும். அதை நட்டை முறுக்கிச் சரிசெய்ய முடியாது. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்குங்கள். கையால் இறுகியபின் ஸ்பேனரில் அரைச் சுற்றே போதும்.

சுவர்ப் பக்கம் என்றால் மிக்சரைக் கழற்றி லெக்கை வெளியே எடுங்கள். இதற்கும் டைல்ஸ் உடைய வேண்டியதில்லை. பழைய டேப் துணுக்குகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மரையை உலர்த்துங்கள். டேப் இல்லாமல் ஒருமுறை ஏற்றி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு லெக்கின் சுவருக்குள் போகும் முனை உங்களைப் பார்க்க வைத்து, கடிகார முள் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ஏற்றும்போதே உரிந்து வரும். கடையில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் அரை இஞ்ச் மரைக்கு 10 முதல் 12 சுற்று. முதல் மரையை மட்டும் விட்டுவிடுங்கள். கையால் இறுகியபின் ஸ்பேனரில் ஒன்றிலிருந்து இரண்டு சுற்று.

இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: லெக் சரியான நிலையைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் திருப்பி நேராக்குவது. பின்னால் திருப்பிய நொடியே டேப்பின் பிடி விட்டுப்போகும். தாண்டிவிட்டால் முழுக்கக் கழற்றிப் புது டேப் சுற்றுங்கள். சணல் நூலும் பெயிண்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்குச் சரி. சிபிவிசியில் (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) வேண்டாம்: நனைந்த நூல் ஊதி பிளாஸ்டிக்கை விரிக்கும், பெயிண்டின் எண்ணெயும் அதற்கு ஆகாது. எம்சீலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஈரமும் அழுத்தமும் உள்ள இடத்தில் வெளியே அப்பியது எதுவும் பிடிக்காது.

இத்தனையும் செய்து, லெக் காய்ந்திருக்கும்போதே சுவரின் மறுபக்கம் ஈரம் ஏறினால், அப்போது எல்போ விரிசல் விட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் டைல்ஸ் உடைக்க அது ஒன்றுதான் நியாயமான காரணம்.

பல்லடம் வாசகி: சோலார் சுடுதண்ணி திறந்தாத்தான் கசியுதுங்க. ஆறினா தானா நின்னுக்குது. என்னவா இருக்கும்?

பதில்: சுவருக்குள் வெறும் பிளாஸ்டிக் மரை உள்ள எல்போ போட்டிருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் பிளாஸ்டிக் பித்தளையைவிடக் கூடுதலாக விரியும். லெக்கின் பிடி தளரும். புது டேப் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். நிரந்தரத் தீர்வு அந்த ஒரு டைலை எடுத்து, உள்ளே பித்தளை மரை பதித்த சிபிவிசி எல்போ போடுவது. பசை நன்றாகக் காய்ந்து, அழுத்தச் சோதனை முடிந்தபிறகே டைல் ஒட்டச் சொல்லுங்கள். கூடவே குழாயில் ஐஎஸ் 15778 என்ற எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். சிபிவிசி குழாய்க்கான தரம் அது. சூடு தாங்காத வெள்ளை யுபிவிசி குழாயைச் சுடுதண்ணீர் வழியில் போட்டிருந்தால் எல்போ மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.

அன்னூர் வாசகர்: எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (நீளம் கூட்டற மரைத்துண்டு) சுவத்துக்குள்ளயே ஒடிஞ்சு போச்சுங்க. நல்லதை எப்படிப் பார்த்து வாங்கறது?

பதில்: பளபளப்பை நம்பாதீர்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, வேண்டாம். ஒட்டாததெல்லாம் பித்தளை ஆகிவிடாது. துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. உள்பக்கம் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் தெரிய வேண்டும், கையில் கனக்க வேண்டும், நிப்பிளின் ஓரம் தடிமனாக இருக்க வேண்டும். நீளத்தை அளந்து ஒரே நிப்பிளாக வாங்குங்கள். இரண்டைக் கோத்தால் கசிய இன்னோர் இடம். உள்ளே ஒடிந்த துண்டை எடுக்க நிப்பிள் எக்ஸ்ட்ராக்டர் வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். உளியால் தட்டினால் எல்போவின் மரையும் போய்விடும்.

தாராபுரம் வாசகர்: மிக்சர் உடம்பிலயே ஊசி ஓட்டை. கடைக்காரர் மாத்தித் தர மாட்டேங்கறாரு.

பதில்: வார்ப்பில் உள்ள ஓட்டை தயாரிப்புக் குறை, அதை ஒட்டவைத்து வாங்கிக்கொள்ளாதீர்கள். கசிவது தெரியும்படி வீடியோ எடுங்கள். பில்லோடு கம்பெனியின் சேவைப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் ஜிபே, வங்கிக் கணக்குப் பதிவுகளையாவது எடுத்து வையுங்கள்.