துடுப்பை நீட்டினாலே ஸ்ட்ரைக்கா? பேஸ்போல் கேள்வி பதில்

கல்முனைப் பக்கம் பள்ளி அணிகளுக்கு அம்பயராக நிற்பதால் கேள்விகள் வந்து குவிகின்றன, பாதிக்கு மேல் பன்ட் (துடுப்பை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டுவது) பற்றித்தான். பதில்கள் அமெரிக்காவின் மேஜர் லீக் விதிப்படி. வேறு விதி வரும் இடத்தில் சொல்கிறேன்.

வாழைச்சேனை: அண்ணன், எங்கள் பொடியன் பன்ட்டுக்குத் துடுப்பைக் குறுக்கே பிடித்தபடியே நின்றான், பந்து தலைக்கு மேலால் போனது. துடுப்பைப் பின்னுக்கு இழுக்காததால் ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்) என்று எதிரணி சண்டை. எது சரி?

‘போல்’தான் தம்பி, அதாவது ஸ்ட்ரைக் ஆகாத பந்து. துடுப்பு எங்கே நிற்கிறது என்பது கணக்கில்லை, அது பந்தை நாடிப் போனதா என்பதே கணக்கு. நான் பந்தைப் பிடிக்கும் கெட்சருக்குப் பின்னால் குந்தியிருந்து பார்ப்பது துடுப்பின் மேல்பாதியைப் பிடித்திருக்கும் கையைத்தான்: அது முன்னுக்குத் தள்ளினால், அல்லது பந்தோடு சேர்ந்து மேலே எழும்பினால், முயற்சி செய்துவிட்டான், ஸ்ட்ரைக். அசையாமல் நின்றால் பந்து, பிளேட் எனும் தரைத்தட்டுக்கு மேலே உள்ள ஸ்ட்ரைக் வலயத்துக்குள் வந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்படி வந்திருந்தால் துடுப்பை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தப்ப முடியாது, இதை நம் பிள்ளைகள் பலர் விளங்கிக்கொள்வதே இல்லை. உங்களோடு சண்டைக்கு வந்தவர்கள் பேஸ்போல் மாதிரியான சொப்ட்போல் ஆட்டக்காரர்களாக இருக்கலாம். அமெரிக்கப் பள்ளி சொப்ட்போலில் துடுப்பை இழுக்காவிட்டால் பன்ட் முயற்சி என்றே எடுப்பார்கள்.

அக்கரைப்பற்று: இரண்டு ஸ்ட்ரைக் இருக்கும்போது பன்ட் ஃபவுல் ஆனால்?

அவுட். சாதாரண ஃபவுல் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) எத்தனை போனாலும் எண்ணிக்கை இரண்டிலேயே நிற்கும், ஆனால் பன்ட்டுக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்தால் கெட்டிக்காரன் ஒருவன் பிடிக்காத பந்தையெல்லாம் வெளியே தட்டித் தட்டிப் பந்தை எறியும் பிட்சரைக் களைக்க வைத்துவிடுவான். பாதியில் நிறுத்திய வீச்சில் தற்செயலாகப் பந்து பட்டால் அது பன்ட் அல்ல. வீசாமல், வேண்டுமென்றே துடுப்பைக் கொடுத்து மெதுவாகத் தட்டுவதுதான் பன்ட்.

செங்கலடி, உடற்கல்வி ஆசிரியர்: சேர், மணிக்கட்டு திரும்பினால் வீச்சு முழுமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சரிதானே?

அப்படி ஒரு வரி விதிப்புத்தகத்தில் இல்லை சேர். மணிக்கட்டு, துடுப்பு முனை பிளேட்டைத் தாண்டியது எல்லாம் அம்பயர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் அடையாளங்கள், கடைசியில் பந்தை அடிக்கப் போனானா என்ற ஒரே கேள்விதான். பிளேட் அம்பயர் ‘போல்’ என்று தீர்ப்புச் சொன்னால் மட்டும் கெட்சரோ அணி முகாமையாளரோ மற்ற அம்பயரிடம் கேட்கச் சொல்லலாம். வலக்கை ஆட்டக்காரர் என்றால் முதலாம் பேஸ் அம்பயர், இடக்கை என்றால் மூன்றாம் பேஸ். நம் ஊர்ப் போட்டிகள் மாதிரி இரண்டே அம்பயர் என்றால் களத்தில் நிற்கும் மற்றவர்தான் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக் என்று சொன்ன பிறகு கேட்கவே முடியாது.

களுவாஞ்சிக்குடி: பன்ட்டுக்கு நல்லாகக் குனிந்தால் வலயம் சிறுக்குமா?

சிறுக்காது. வீசத் தயாராக நிற்கும் நிலையை வைத்துத்தான் அளவு: மேலே தோளுக்கும் காற்சட்டை மேல்விளிம்புக்கும் நடுவே, கீழே முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள குழி வரை, அகலம் பிளேட்டின் 17 அங்குலம். பந்தின் ஒரு ஓரம் உரசினாலே போதும். மேஜர் லீக்கில் 2026 முதல் ‘போல்’, ‘ஸ்ட்ரைக்’ தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடலாம். அணிக்கு இரண்டு வாய்ப்பு, முறையீடு சரியானால் வாய்ப்பு குறையாது. அந்த இயந்திரம் ஆளின் உயரத்தை வைத்தே வலயம் போடுவதால் குனிந்தும் பயனில்லை!

திருக்கோவில்: பன்ட் செய்யும்போது விரலில் பட்டது. கை துடுப்போடு சேர்ந்ததுதானே?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு வரும் குழப்பம் இது. பேஸ்போலில் கை உடம்புதான். பந்தை நாடிப் போய் விரலில் வாங்கினால் ஸ்ட்ரைக், பந்து செத்துவிடும் (ஆட்டம் அங்கேயே நிற்கும்), வலி மட்டும் மிச்சம். முயற்சி செய்யாமல், வலயத்துக்கு வெளியே வந்த பந்துக்கு விலகும்போது பட்டால் முதலாம் பேஸ் இலவசம்.

மட்டக்களப்பு: ஓடிக்கொண்டே பன்ட் தள்ளினால் கால் பிரச்சினை வருமா?

பந்து படும் நேரம் ஒரு கால் முழுவதுமாக, ஆட்டக்காரர் நிற்கும் கட்டத்துக்கு வெளியே தரையில் பதிந்திருந்தால் அவுட், கோட்டை மிதித்திருந்தால் உள்ளே என்றே கணக்கு. நம் மணல் தரையில் சுண்ணாம்புக் கோடு இரண்டு மூன்று இன்னிங்ஸில் அழிந்துவிடும், அதனால் இடைவேளையில் மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள், கோடே இல்லாத இடத்தில் அம்பயரோடு வாதாடிப் பலனில்லை.