காயாம்பூ என்று விற்ற செடி

கேள்வி: புதுச்சேரி போகும் வழியில் ஒரு நர்சரியில் 'காயாம்பூ' என்று அட்டை மாட்டியிருந்த செடியை 600 ரூபாய்க்கு வாங்கினேன். வெளிர்நீலப் பூ, ஐந்து இதழ். மொட்டைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இது காயாவே இல்லை என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: பெரியவர் சொன்னது சரிதான் அம்மா. உங்களிடம் இருப்பது நீலப் பிளம்பாகோ. நம்ம ஊர்க் கொடிவேலியின் உறவு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அழகுச் செடி. நல்ல செடிதான், ஆனால் காயா என்று சொல்லி விற்றது தவறு.

காயா நம் கடற்கரையோரக் காட்டுச் செடி. கோயில்காடுகளில் புதராகவும் சிறுமரமாகவும் நிற்கும். இலைகள் எதிரெதிராக, தடித்துப் பளபளவென்று இருக்கும். நடுநரம்பைத் தவிர மற்ற நரம்புகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பூ நுனியில் வராது. இலைக்கணுவிலும், இலை உதிர்ந்த பழைய கிளையிலும் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு பூக்கும். அடர்நீலம், நான்கே இதழ், எட்டு மகரந்தத் தாள். காய் பழுத்தால் கருத்துவிடும். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்பது அந்த நிறத்தை வைத்துத்தான்.

சரி, பணம். பில், அட்டை, பூ மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்காரரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் கடலூரிலேயே வழக்குப் போடலாம்; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் ஊரில் வழக்குத் தொடர இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. வாங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை அட்டையில் 'மெமிசைலான்' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆரோவில் பக்கம் நாட்டு மரக்கன்றுகள் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். காயா மெதுவாக வளரும். முழங்கால் உயரக் கன்று கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். தண்டு பருத்து, வேர் வெட்டுப்பட்டு, புதுமண்ணில் நிற்கும் செடியை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது காட்டிலிருந்து தோண்டி வந்ததாக இருக்கும். மிஞ்சியிருக்கும் கோயில்காடுகளே கொஞ்சம், அதையும் தோண்டி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. கன்று கிடைத்ததும் ஐப்பசி மழை தொடங்கும்போது நடுங்கள்.