அவர் மனதில் இருக்கும் பெண் நான்தானா?

கேள்வி: எனக்கு வயது 30. மூன்று ஆண்டுகளாகக் காதலிக்கிறோம். இன்னும் ஆறு மாதத்தில் திருமணம். அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார், பேச்செல்லாம் போனில்தான். "இவள் எதிலும் தோற்கவே மாட்டாள்" என்று நண்பர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நான்கு மாதங்களுக்கு முன் எனக்கு வேலை போய்விட்டது, கடன் தவணையும் நிற்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆன்லைனில் ஆலோசனை தரும் ஒரு ரிலேஷன்ஷிப் கோச், "உங்கள் மேல் அவருக்கு இருக்கும் பிரமிப்பு கலையக் கூடாது, திருமணம் முடியட்டும்" என்கிறார். இப்போது சொன்னால் அவருடைய அன்பு குறைந்துவிடுமா?

பதில்: சொல்லிவிடுங்கள். திருமணத்துக்கு முன்பே, ஒரே தடவையில், கடன் உட்பட முழுவதையும் சொல்லுங்கள். அன்பு குறையுமா என்ற பயம்தான் உங்களை நான்கு மாதம் வாயடைக்க வைத்திருக்கிறது, அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

காதலிப்பவரை உள்ளதைவிட உயர்வாகப் பார்ப்பது கெடுதல் அல்ல. சாண்ட்ரா மர்ரே என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வுகளில், துணையை அவர் தன்னைத்தானே மதிப்பிடுவதைவிட நல்லவராகப் பார்த்தவர்கள் உறவில் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். அப்படிப்பட்ட காதல் ஜோடிகளின் உறவு நீடிக்கவும் செய்தது. புதுமணத் தம்பதிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளிவந்த ஆய்விலும் இதே போக்குதான். ஆகவே அவர் உங்களை மெச்சுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்த மெச்சுதல் எதன் மேல் நிற்கிறது என்பதைப் பாருங்கள். "இவள் நல்லவள், எனக்கு ஏற்றவள்" என்று மொத்தமாக உயர்த்திப் பார்ப்பது ஒன்று. உங்களுக்கு என்ன வரும், என்ன வராது, இப்போது என்ன சிரமம் என்பதே தெரியாமல் இருப்பது வேறு. லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி இருவரும் 2005-ல் எழுதிய ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டியது. கணவரை மொத்தத்தில் உயர்வாக நினைத்துக்கொண்டே, அவருடைய குறைகளையும் சரியாக அறிந்திருந்த மனைவியர் கணவருக்கு நல்ல துணையாக இருந்தார்கள், அவர்களுடைய திருமணம் முறிவதும் குறைவாக இருந்தது. கணவர்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. அதை வைத்து "ஆணுக்கு உண்மை தேவையில்லை" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். உண்மை தெரிந்தால் ஆணின் அன்பு போய்விடும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் பக்கம். நீங்கள் சுமப்பது வெறும் ரகசியம் அல்ல, அவர் வரைந்த படத்துக்கு ஏற்றபடி தினமும் நடித்துக்கொண்டிருக்கிறீர்கள். துணை தன்னை அளவுக்கு மீறி உயர்த்தி வைத்திருப்பதாக உணர்பவர்களைப் பற்றி ஜெனிஃபர் டாம்லின்சனும் சகாக்களும் 2014-ல் ஆராய்ந்தார்கள். அப்படி உணர்ந்தவர்கள் ஒரே சோபாவில் துணையைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். கைவிட்டுவிடுவார் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், ஆனால் இப்போது விலகிப்போய்க்கொண்டிருப்பது நீங்கள்தான். போன் அடித்தால் எடுக்கத் தயங்குகிறீர்களா? நான் சொல்வது அதைத்தான்.

பெண்ணைப் பீடத்தில் ஏற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1996 முதல் எழுதிவருவது இது: பெண் தூய்மையானவள், காக்கப்பட வேண்டியவள் என்ற புகழ்ச்சியும், பெண் மீதான வெறுப்பும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன. சொன்னபடி இருக்கும் பெண்ணுக்குப் புகழ், இல்லாதவளுக்குத் தண்டனை. உங்கள் காதலர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள, உங்கள் தோல்வி ஒன்றை அவர் பார்த்தாக வேண்டும். திருமணத்துக்கு முன் பார்ப்பது உங்களுக்குத்தான் நல்லது.

அந்தக் கோச் விஷயத்துக்கு வருகிறேன். கோச் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள அநேக நாடுகளில் படிப்பும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். பிரமிப்பைக் காப்பாற்று, மர்மமாக இரு, பதில் அனுப்பத் தாமதம் செய் என்று சொல்லிக்கொடுத்தே காசு பார்க்கிறார்கள். அந்தப் பிரமிப்பைக் காப்பாற்ற முடியாது என்பதால் நீங்கள் திரும்பத் திரும்ப அவர்களிடமே போவீர்கள், அடுத்த பேக்கேஜ் விற்கும். உங்கள் இருவருடைய பிறந்த தேதியையோ இருபது கேள்விக்கான பதிலையோ வாங்கிக்கொண்டு "பொருத்தம் 94 சதவீதம்" என்று காட்டும் ஆப்களும் இதே ரகம்தான். சிகிச்சை தேவைப்பட்டால் உளவியல் பட்டமும் பதிவு எண்ணும் உள்ளவரிடம் போங்கள், அந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் இருவரும் உட்கார்ந்து பணம், கடன், வேலை பற்றிப் பேசுவதற்கு ஒரு பயிற்சி பெற்ற ஆளைக் குறைந்த செலவில் தர பெரும்பாலான அமைப்புகளுக்கு அக்கறை இல்லை. பெரும்பாலும் விவாகரத்து வழக்கு போட்ட பிறகுதான் ஆலோசனைக்கு அனுப்பிவைப்பார்கள். பல ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கேட்பார் இல்லை.

'கூடிய சீக்கிரம் சொல்லுங்கள்' என்றாலும் உங்களுக்கு ஒரு விதிவிலக்கு வைக்கிறேன், காரணம் நீங்கள் தூரத்தில் இருப்பவர்கள். தள்ளி இருக்கும் ஜோடிகளிடம் இந்த உயர்த்திப் பார்த்தல் கூடுதலாக இருப்பதை லாரா ஸ்டாஃபோர்டின் ஆய்வுகள் காட்டுகின்றன. போனில் நாம் நம்முடைய நல்ல அரைமணி நேரத்தைத்தான் கொடுக்கிறோம், எரிச்சலும் சோர்வும் போனை வைத்த பிறகு வருபவை. அதனால்தான் தூரத்தில் நன்றாக இருந்த சில ஜோடிகள் ஒரே ஊருக்கு வந்ததும் பிரிகிறார்கள். எனவே இதைப் போனில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் நிச்சயமாக வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் நேரில் சந்திக்க முடியுமென்றால் அதுவரை பொறுங்கள். முடியாதென்றால் வீடியோ காலில், இருவருக்கும் அவசரமில்லாத நேரத்தில் சொல்லுங்கள். "அடுத்த விடுமுறைக்கு வரட்டும், அப்போது பார்க்கலாம்" என்பது இந்த விதிவிலக்கில் சேராது. சொன்ன பிறகு, திருமணத்துக்கு முன் சில வாரமாவது இருவரும் ஒரே ஊரில் இருக்க வழி பாருங்கள். தனித்தனி வீட்டில் இருந்தாலும் போதும், ஆனால் தினசரி சலிப்பை ஒருவருக்கொருவர் பார்த்தாக வேண்டும்.

பேசும்போது மன்னிப்பில் தொடங்காதீர்கள். "நான்கு மாதமாக எனக்கு வேலை இல்லை. கடன் இவ்வளவு நிற்கிறது. உங்கள் பார்வையில் தாழ்ந்துவிடுவேனோ என்ற பயத்தில் சொல்லவில்லை" என்ற மூன்று வாக்கியம் போதும். வேலை போனதைவிட மறைத்ததுதான் அவருக்கு அதிகம் வலிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். முதல் நாள் அவர் கோபப்பட்டாலோ பேசாமல் இருந்தாலோ அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "அடுத்த தவணைக்கு என்ன செய்யப்போகிறோம்?" என்று கேட்டால் திருமண வேலைகளைத் தொடருங்கள். "நீ இப்படிப்பட்டவள் என்று நினைக்கவே இல்லை" என்பதையே சுற்றிச்சுற்றி வந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள்.