97 பாயின்ட் எடுத்தும் லிவர்பூல் பட்டத்தைத் தவறவிட்டது எங்கே?

கேள்வி இதுதான்: நீங்கள் ஆதரிக்கும் கால்பந்து அணி கடைசி நாள் வரை பட்டத்துக்குப் போராடித் தோற்ற சீசன் எது, அது எந்த இடத்தில் கைநழுவியது?

எனக்கு யோசிக்கவே வேண்டாம். 2018-19, லிவர்பூல். 38 ஆட்டம், 30 வெற்றி, 7 டிரா, ஒரே ஒரு தோல்வி (வெற்றிக்கு 3 பாயின்ட், டிராவுக்கு 1). 97 பாயின்ட். மான்செஸ்டர் சிட்டி 98. ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் போனது.

97 என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு ஒப்பீடு. 2003-04இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கிய ஆர்சனல் எடுத்தது 90. 1998-99இல் மூன்று கோப்பையும் வென்ற மான்செஸ்டர் யுனைடெட் லீக்கில் எடுத்தது 79. லெஸ்டர் 81 பாயின்ட்டில் சாம்பியன் ஆனது. அன்றைய தேதிக்கு இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் வரலாற்றிலேயே 97ஐவிட அதிகம் எடுத்தது ஒரே அணி, அதுவும் அடுத்தடுத்த இரண்டு சீசனில்: 2017-18இல் 100, 2018-19இல் 98. அந்த சிட்டி அணி இருந்த அதே காலத்தில் எங்கள் அணியும் உச்சத்தைத் தொட்டது.

எங்கே கைநழுவியது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் 11 மில்லிமீட்டர் என்பார்கள். 2019 ஜனவரி 3, சிட்டியின் எதிஹாட் ஸ்டேடியம். எங்கள் மானே அடித்த பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்ப, சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் அதை வெளியேற்றப் போய் சொந்த கோல் கீப்பர் மேலேயே அடித்துவிட்டார். பந்து கோலை நோக்கி எழும்பியது. ஸ்டோன்ஸ் ஓடி வந்து கோட்டிலிருந்து உதைத்து வெளியேற்றினார். முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட இன்னும் 11 மில்லிமீட்டர் பாக்கி என்று கோல்லைன் தொழில்நுட்பம் காட்டியது. அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம். சீசன் முழுக்க அந்த ஒரே தோல்விதான்.

அந்தப் படத்தை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டம் அங்கே போனதாக நான் நம்பவில்லை. சிட்டியின் மைதானத்தில் சிட்டியிடம் ஒரு கோலில் தோற்பது யாருக்கும் நடக்கும். அதோடு, அதே சிட்டி அக்டோபரில் எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை மஹ்ரெஸ் கம்பத்துக்கு மேலே அடித்ததால்தான் நாங்கள் 0-0 என்று தப்பித்தோம். அதிர்ஷ்டக் கணக்கை அங்கேயே நேர் செய்துவிடலாம்.

என் பதில் வேறு. பட்டம் போனது ரைட் பேக் இடத்தில், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரரின் இடத்தில்.

லிவர்பூலுக்கு ரைட் பேக் என்பது வெறும் தடுப்பாட்டக்காரர் இல்லை. அந்த அணியின் மிட்ஃபீல்டைப் பாருங்கள்: ஹென்டர்சன், வைனால்டம், மில்னர், ஃபபின்யோ. ஓடுவார்கள், பந்தைப் பறிப்பார்கள், இடத்தை அடைப்பார்கள். கோலுக்கு வழி திறக்கும் வேலையைச் செய்யக்கூடிய ஆக்ஸ்லேட்-சேம்பர்லேன் முந்தைய ஏப்ரலில் முழங்கால் உடைந்து கிட்டத்தட்ட சீசன் முழுக்க வெளியே. ஆகவே பந்தைப் படைத்துக் கொடுக்கும் வேலை இரண்டு ஓரங்களுக்கும் போனது. இடப்பக்கம் ராபர்ட்சன், 11 அசிஸ்ட் (கோலுக்கு முந்தைய கடைசிப் பாஸ்). வலப்பக்கம் ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டு, 12 அசிஸ்ட். ஒரு சீசனில் ஒரு டிஃபெண்டர் அத்தனை அசிஸ்ட் கொடுத்தது அதுதான் முதல் முறை. அவரை எடுத்துவிட்டால் வலப்பக்கம் சலா ஒற்றை ஆளாக மூன்று பேருக்கு நடுவே நிற்பார்.

சரி, அவருக்கு அடிபட்டால் யார்? டிசம்பர் தொடக்கத்தில் பர்ன்லி ஆட்டத்தில் ஜோ கோமஸ் கால் முறிந்து போய்விட்டார். மீதி இருந்தது நதானியல் கிளைன். டிசம்பர் 16 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 என்று வென்றோமே, அன்று ரைட் பேக் ஆடியது கிளைன்தான். ரொம்ப நாள் கழித்து லீக்கில் இறங்கியவர், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஆடினார். அந்தத் தோல்வியோடு மூன்றாம் நாள் யுனைடெட் மேனேஜர் மொரீன்யோவின் வேலையே போனது. அப்படி ஆடிய கிளைனை மூன்று வாரத்தில், ஜனவரி தொடங்கியதுமே, போர்ன்மத் அணிக்குக் கடனாக அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் மேனேஜர் க்ளாப் ஏன் அனுப்பினார் என்பது புரிகிறது. ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பிடித்து வைக்க அவருக்கு மனசு வராது. அந்தக் குணத்தால்தான் அவருக்காக வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். மில்னரும் ஃபபின்யோவும் அந்த இடத்தில் ஆடக்கூடியவர்கள் என்ற கணக்கும் இருந்திருக்கும். ஆனால் பட்டத்துக்கு ஓடுகிற அணி, கோமஸ் வெளியே இருக்கும்போது, இரண்டாவது ரைட் பேக்கை விட்டிருக்கக் கூடாது. இதை நான் பின்புத்தியால் சொல்லவில்லை. அந்தச் செய்தி வந்த அன்றே தம்பியிடம் சொன்னேன். அவன், "விடுண்ணே, ட்ரென்ட்டுக்கு இருபது வயசு, தினமும் ஆடுவான்" என்றான்.

ஜனவரி நடுவில் ட்ரென்ட்டுக்கு முழங்காலில் அடிபட்டது.

அடுத்த ஆட்டம் கிரிஸ்டல் பாலஸ். மில்னர் ரைட் பேக். 4-3 என்று எப்படியோ ஜெயித்தோம், ஆனால் மில்னர் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவரும் இல்லை.

அந்த அடுத்த ஆட்டம்தான் ஜனவரி 30, ஆன்ஃபீல்டில் லெஸ்டர். அதற்கு முந்தைய இரவு சிட்டி நியூகாசிலிடம் 2-1 என்று தோற்றிருந்தது. அகுவேரோ முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தும் தோற்றார்கள். நாங்கள் லெஸ்டரை ஜெயித்தால் 7 பாயின்ட் முன்னிலை, 14 ஆட்டம் பாக்கி. நாங்கள் பார்க்க உட்கார்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தோம். அணிப் பட்டியல் திரையில் வந்தது. ரைட் பேக்: ஜோர்டன் ஹென்டர்சன். கேப்டன், மிட்ஃபீல்டர். தம்பி என்னைப் பார்த்தான், எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் மானே கோல் போட்டார். சத்தமில்லாமல் குதித்தோம். அதற்குப் பிறகு ஆட்டம் உறைந்துபோனது. மைதானத்தில் பனி படிந்திருந்ததால் பந்து இழுத்து இழுத்து ஓடியது. ஹென்டர்சன் தன்னால் முடிந்ததை எல்லாம் செய்தார், அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ட்ரென்ட் பந்தை வாங்கும்போதே சலா ஓட ஆரம்பித்துவிடுவார், ஏனென்றால் அந்தப் பந்து எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். அன்று சலா நின்றபடியே காத்திருந்தார். பந்து காலுக்கு வந்தது, இடைவெளிக்கு வரவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தை நான் முதல் பாதி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடைவேளைக்குச் சற்று முன் ஒரு ஃப்ரீ கிக்கை முழுதாக வெளியேற்றாமல் விட, சில்வெல் தலையால் திருப்பி அனுப்பிய பந்தை மகுவைர் அடித்துவிட்டார். 1-1. அப்படியே முடிந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். அன்று ஜெயித்திருந்தால் இரண்டு பாயின்ட் கூடுதல். 97, 99 ஆகியிருக்கும். சிட்டிக்கு 98. அந்த ஒரு ஆட்டம் போதும்.

ஐந்து நாள் கழித்து வெஸ்ட் ஹாம். மில்னர் மறுபடி ரைட் பேக், ஹென்டர்சனும் வைனால்டமும் இல்லை. மறுபடியும் 1-1. பிப்ரவரி 24, யுனைடெட்டின் ஓல்டு ட்ராஃபோர்டு மைதானம், அப்போதும் மில்னர்தான் அந்த இடத்தில். யுனைடெட் அன்று இடைவேளைக்கு முன்பே காயத்தால் மூன்று பேரை மாற்றிவிட்டது. ராஷ்ஃபோர்டு நொண்டிக்கொண்டே ஆடினார். இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது கிடைக்கும்? எங்களால் ஒரு கோல் போட முடியவில்லை. 0-0. எனக்கு லெஸ்டர் ஆட்டத்தைவிட அதிகக் கோபம் வந்தது இந்த ஆட்டத்தில்தான். அன்று பனி இல்லை, காயத்தால் தவித்ததும் பெரும்பாலும் எதிரணிதான். தோற்றுவிடக் கூடாது என்ற நினைப்பிலேயே எங்கள் அணி ஆடியது. 1990க்குப் பிறகு லீக் பட்டமே இல்லாத பாரம் கால்களில் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து வாட்ஃபோர்டு. ட்ரென்ட் திரும்ப ரைட் பேக் இடத்தில் இறங்கினார். 5-0. அதில் மூன்று கோலுக்கு அசிஸ்ட் அவருடையது. என் வாதத்துக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை என்று நினைத்தேன்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த எவர்ட்டன் ஆட்டத்தில் ட்ரென்ட் ஆடினார், அதுவும் 0-0தான். சலா தனியாக எவர்ட்டன் கோல் கீப்பர் பிக்ஃபோர்டுக்கு எதிரே போய் தவறவிட்டார். அந்த நாள் முடிவில் சிட்டி 71, நாங்கள் 70. ஆகவே ரைட் பேக் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லெஸ்டரும் வெஸ்ட் ஹாமும் யுனைடெட்டும் அந்த இடத்தில் ஓட்டை இருந்த வாரங்களில் வந்தவை. எவர்ட்டன் ஆட்டத்துக்குப் போகும்போது அணிக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மீதி ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி, ஒன்பதும். ஆனால் சிட்டி நியூகாசிலிடம் தோற்ற பிறகு ஆடிய 14 ஆட்டத்திலும் ஜெயித்தது. ஒரு டிரா, ஒரே ஒரு டிரா கொடுத்திருந்தால்கூட எங்களுக்குப் போதும். லெஸ்டருக்கு எதிராக 70ஆவது நிமிடத்தில் சிட்டி கேப்டன் கோம்பனி அவ்வளவு தூரத்திலிருந்து அடித்தாரே, அந்த கோல் விழும்வரை எனக்கு நம்பிக்கை இருந்தது.

அந்த ஒன்பதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கோல் இல்லை. மார்ச் 31, டாட்டன்ஹாம், 1-1, ஐந்து நிமிடம்தான் பாக்கி. டாட்டன்ஹாமின் சிசோக்கோ பந்தோடு ஓடி வருகிறார், சொன் கூடவே வருகிறார், எதிரே எங்கள் டிஃபெண்டர் வான் டைக் ஒற்றை ஆள். எந்த டிஃபெண்டரும் பந்து வைத்திருப்பவர் மேல் பாய்வார். வான் டைக் பாயவில்லை. சொன்னுக்குப் பாஸ் போகும் வழியை உடம்பால் மறைத்தபடி பின்வாங்கிக்கொண்டே போனார். சிசோக்கோ தானே அடித்தாக வேண்டும், அதுவும் பழக்கமில்லாத இடது காலில் அடித்தாக வேண்டும் என்ற இடம் வரும்வரை அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ஐந்து நிமிடத்தில் சலா முட்டிய பந்தை அவர்கள் கோல் கீப்பர் லோரிஸ் நழுவவிட, அவர்கள் டிஃபெண்டர் ஆல்டர்வேரல்ட் காலில் பட்டு உள்ளே போனது. 2-1. எல்லோரும் அந்த சொந்த கோலைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த மூன்று புள்ளிகளும் வான் டைக் பின்வாங்கிய அந்தப் பத்து அடிகளில் வந்தவை.

ஐரோப்பியக் கோப்பை கிடைத்ததே, அது ஆறுதல் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மே 7இல் பார்சிலோனாவை 4-0 என்று வென்றதும், ஜூன் 1இல் மாட்ரிடில் கோப்பையைத் தூக்கியதும் என் வாழ்நாள் சந்தோஷங்கள். அடுத்த சீசனில் 99 பாயின்ட்டோடு லீக் பட்டமும் வந்தது. அதற்காக 2019 மே 12 வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்று கடைசி ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில். நாங்கள் வுல்வ்ஸுக்கு எதிராக, சிட்டி பிரைட்டன் மைதானத்தில். நான் டிவியில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க, தம்பி போனில் சிட்டி ஸ்கோரைச் சொல்லிக்கொண்டிருந்தான். 17ஆவது நிமிடத்தில் மானே கோல். பட்டியலில் நாங்கள் முதலிடம். 27ஆவது நிமிடத்தில், "அண்ணே, பிரைட்டன் கோல்" என்று கத்தினான். அடுத்த நிமிடமே அகுவேரோ சமன் செய்தார். ஆனாலும் நாங்கள்தான் முதலிடம். 38ஆவது நிமிடத்தில் லாபோர்ட்டின் கோலை அவன் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து நாற்காலியில் வைத்தான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 21 நிமிடம் சாம்பியனாக இருந்தோம்.

சிட்டி 4-1 என்று முடிக்கும் என்று அப்போதே தெரிந்த மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் 81ஆவது நிமிடத்தில் மானே இரண்டாவது கோல் போட்டபோது, அதற்குக் கிராஸ் கொடுத்தது ட்ரென்ட் என்று பார்த்தபோது, இரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம்.